உங்கட ஊட்டைக் கீறுங்க

மவுத்தான மனிதரின் வாய்ச்சொல்லுக்கு ஆயுள் குறைவு. மீராசா கண்ணை மூடி ஒரு நோன்பு கூட இன்னும் வந்து போகவில்லை. அதற்குள் அவர் சொன்ன சொல் அந்த வீட்டில் தேயத் தொடங்கிவிட்டது.

முன்வீடு இளையவள் சுபைறாவுக்கு, அதன் பின்னால் வெறுங்காணியாகக் கிடக்கும் பின்வளவு மூத்தவள் றாஹிலாவுக்கு. கட்டிலில் கிடந்தபடி அவர் சொன்னது இவ்வளவுதான். கேட்டவர்கள் மூன்று பேர்: இரண்டு மகள்மார், இளையவளின் கணவன் ஜவுபர். காகிதத்தில் ஒரு வரி இல்லை. சொந்த மக்களுக்குள் காகிதம் எதற்கு என்று நம்பிய தலைமுறை அது.

கல்முனைக் கரையில் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுவதற்கு முன் வீடு தேடவேண்டும். மாப்பிள்ளை என்பவர் கலியாணத்தன்று கையில் ஒரு பெட்டியோடு வந்து பெண்ணின் வீட்டில் ஏறுகிறவர். மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டாயா என்று இங்கே யாரும் கேட்பதில்லை. ஊடு கட்டியாச்சா என்றுதான் கேட்பார்கள். இரண்டும் ஒரே கேள்வி.

ஏழு வருடத்துக்கு முன் ஜவுபரின் உம்மா மூத்தவளைப் பார்க்க வந்தார். வந்தவருக்கு இளையவளின் வெள்ளை நிறம் பிடித்துப்போயிற்று. வீடோ ஒன்று. "தங்கச்சிக்கே குடுங்க வாப்பா, எனக்குப் பொறகு பாப்பம்" என்று சொன்னவள் றாஹிலா. அந்தப் பிறகு இன்னும் வரவில்லை. மீராமுகைதீன் ஹாஜியாரின் புடவைக் கம்பனியில் டைப் அடித்துக்கொண்டே முப்பத்துநான்கு வயதாகிவிட்டாள். தங்கை புருசன் வேலையில்லாமல் சந்தியில் நின்றபோது ஹாஜியாரிடம் கெஞ்சி அவனை அதே கம்பனியில் விற்பனைக்குச் சேர்த்துவிட்டவளும் அவள்தான்.

இப்போது ஒரு வழி திறந்திருந்தது. சாய்ந்தமருதில் சைக்கிள் கடை வைத்திருக்கும் சாலிஹ். மனைவியை இழந்தவர், பிள்ளை இல்லை. இன்று பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு அவருடைய ராத்தா, மூத்த சகோதரி றம்லா, வீடு பார்க்க வருகிறாள். பின்வளவைக் காட்டி, இதில் றாஹிலாவுக்கு வீடு எழும்பும் என்று ஆண்பிள்ளையாக ஜவுபர் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். சொல்லுகிறேன் என்று போன வாரம் தலையில் கைவைத்துச் சொல்லியிருந்தான்.

அந்த நாளாகப் பார்த்து ஹாஜியாரின் மகன் கம்பனியில் படம் வரையும் பயிற்சி வைத்துவிட்டான்.

சிங்கப்பூர் போய்வந்த மகன் ஒருவன் இருந்தால் ஒரு கம்பனிக்கு வேறு சத்துரு தேவையில்லை. திறந்த பொருளாதாரம் வந்ததிலிருந்து வெளிநாட்டுத் துணி குவிகிறது, கம்பனிக்குள் ஆளுக்கு ஆள் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை, ஆகவே எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து படம் வரைந்தால் ஒற்றுமை வரும், மனம் வளரும், விற்பனையும் வளரும் என்று மகன் சொன்னான். "ஒரு நாள் யாவாரம் போச்சு" என்று ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். மகனை மறுக்கவில்லை.

மேல்மாடிக் களஞ்சியத்தில் துணிப் பொட்டலங்களை ஒதுக்கிப் பாய் விரித்திருந்தார்கள். கொழும்பிலிருந்து வந்த அருமைநாயகம் என்பவர் வெள்ளைத் தாளும் கலர்ப் பென்சிலும் பங்கு வைத்தார். கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர், குரலில் தேன்.

"வார்த்தை பொய் சொல்லும். கை பொய் சொல்லாது" என்றார். "இன்றைக்கு இங்கே மனதைத் திறக்கப் போகிறோம். ஒரே ஒரு சட்டம். இந்த அறையில் சொன்னது இந்த அறையை விட்டு வெளியே போகக்கூடாது. சம்மதமா?"

"ஓம் சேர்" என்றார்கள். எல்லோரையும் விடச் சத்தமாகச் சொன்னவன் ஜவுபர்.

முதலில் இரண்டிரண்டு பேராக ஒரே பென்சிலைப் பிடித்து வரையச் சொன்னார். கணக்காளர் சீனிமுகம்மதுவும் லொறி ஓட்டுகிறவரும் சேர்ந்து ஒரு மாம்பழம் வரையப்போய் அது கத்தரிக்காயில் முடிந்தது. இரண்டு வருடமாகப் பகை அவர்களுக்கு. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். துணி மடிக்கும் ஜெமீலாவும் றாஹிலாவும் ஒரு பென்சிலைப் பிடித்தபோது ஜெமீலாவின் கை ஒரு பக்கம் இழுத்தது, றாஹிலாவின் கை மறுபக்கம் இழுத்தது.

"விடுங்க றாஹிலாத்தா, நீங்க டைப் மிசின அமத்துற மாதிரி அமத்துறீங்க."

றாஹிலாவும் சிரித்தாள். வாப்பா போன பிறகு அவள் சிரித்தது அன்றுதான். பயிற்சியைக் குறை சொல்லிப் பயனில்லை. கதவு திறக்கத்தான் செய்தது. கதவைத் திறந்து வைத்தால் யார் யார் நுழைவார்கள் என்பதைத்தான் அந்த மனிதர் யோசிக்கவில்லை.

"இப்போது நீங்கள் ஆசைப்படும் வீட்டை வரையுங்கள். உங்கள் சொந்த வீடு. அதில் இருப்பவர்களையும் வரையுங்கள்."

சீனிமுகம்மது கையைத் தூக்கினார். "சேர், உருவம் கீற ஏலா. எங்கட மார்க்கத்துல ஆகாது."

அருமைநாயகம் ஒரு கணம் திகைத்தார். பிறகு களஞ்சியத்தின் வாசலைப் பார்த்தார். எல்லோரும் கழற்றிவிட்ட செருப்புகள் அங்கே கிடந்தன. "சரி, ஆட்கள் வேண்டாம். வாசலில் அவர்களுடைய செருப்பை வரையுங்கள். ஆளுக்கு ஒரு சோடி" என்றார். கெட்டிக்காரர்தான்.

அங்கே இருந்த மூன்று பெண்களும் தாளில் குனிந்துவிட்டார்கள். ஆண்கள் பென்சிலைப் பிடித்தபடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"என்ன, வெட்கமா?"

"வெக்கமில்ல சேர்" என்றார் லொறிக்காரர். "எந்த ஊட்டக் கீறுற? உம்மாட ஊடு தங்கச்சிக்குப் போயித்து. இரிக்கிற ஊடு பொஞ்சாதிட. ஆம்புளைக்குச் சொந்த ஊடெண்டா மையத்தப் பொதைக்கிற மையவாடியிலதான்."

களஞ்சியம் சிரிப்பில் அதிர்ந்தது. அருமைநாயகமும் சேர்ந்து சிரித்தார், எதற்கென்று விளங்காமலே.

ஜவுபர் மட்டும் சிரிக்காமல் வரைந்துகொண்டிருந்தான்.

றாஹிலாவும் வரைந்தாள். பின்வளவில் ஒரு சின்ன வீடு. இரண்டு அறை, முன்னால் ஒரு மாதுளை. வாசலில் தன் செருப்பை வரைந்தாள். பென்சில் அங்கே நிற்கவில்லை. பக்கத்தில் இன்னொரு சோடி வந்துவிட்டது, பெரிய சோடி, ஆண்பிள்ளைச் செருப்பு. கை பொய் சொல்லாது என்று அந்த மனிதர் சொன்னது சரிதான் போலும். அவளுக்குக் காது மடல் சுட்டது. அது அசிங்கமான வெட்கமல்ல. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு வந்த சந்தோசம்.

"ஜவுபர், முதலில் நீங்கள் காட்டுங்கள்."

அவன் தாளைத் தூக்கிப் பிடித்தான். படம் நன்றாகத்தான் இருந்தது. சுபைறாவின் வீடு, மேலே இன்னொரு மாடி. வாசலில் அவன் செருப்பு, சுபைறாவின் செருப்பு, இரண்டு பிள்ளைகளின் குட்டிச் செருப்புகள். வீட்டுக்குப் பின்னால் வளவை நிறைத்துக்கொண்டு தகரம் போட்ட ஒரு நீளக் கட்டடம்.

"இது என்ன?"

"ஸ்டோர் சேர். சொந்தமா ஒரு யாவாரம் தொடங்க ஆசை."

"இது யாருடைய செருப்பு?" அருமைநாயகத்தின் விரல் குசினியின் பின்கதவில் நின்றது. அங்கே தனியாக ஒரு சோடி கிடந்தது.

"அது எங்கட ராத்தாட. இந்தா இரிக்காங்க, றாஹிலா ராத்தா. எந்தக் காலமும் எங்களோடதான் இரிப்பாங்க. ராத்தா இல்லாட்டி எங்கட ஊட்டுல அடுப்பெரியா சேர்."

"பாருங்கள், எவ்வளவு பாசம்!" என்று அருமைநாயகம் கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். ஹாஜியாரின் மகன் எழுந்து நின்று தட்டினான்.

றாஹிலாவின் வளவில் ஸ்டோர் எழும்பிவிட்டது. அவள் குசினிக் கதவடியில் கிடந்தாள். இருக்க இடம் கொடுத்தவளுக்குப் படுக்க இடம் காட்டியிருக்கிறான், அதுவும் கைதட்டலோடு.

"அடுத்தது நீங்கள்தான் ராத்தா" என்றார் அருமைநாயகம், அன்பாக.

அவள் தாளைப் பார்த்தாள். இதையா தூக்கிக் காட்டுவது? கலியாணமாகாத ஒருத்தி தன் வாசலில் ஆண்பிள்ளைச் செருப்பை வரைந்து இருபது பேருக்கு முன்னால் பிடிப்பதா? அதிலும் இந்த ஜவுபர் பார்க்க? தாளைப் புரட்டினாள். மறுபக்கத்தைக் காட்டினாள். வெறும் வெள்ளை.

"ஒன்றும் வரையவில்லையா? பயமா?"

"இல்ல சேர்."

"எழுந்து நின்று சொல்லுங்கள். மனதில் இருப்பதைச் சொன்னால்தான் மனிதர் வளரலாம். உங்களுக்கென்று ஒரு வீடு வேண்டாமா?"

அவள் எழுந்தாள். அழக்கூடாது, இவன் முன்னால் அழவே கூடாது என்பது மட்டும்தான் அந்த நேரம் அவள் மனதில் இருந்தது.

"வேணாம் சேர்."

"நன்றாகக் கேட்கவில்லை."

"எனக்கு ஊடு வேணாம்."

கல்முனைக்காரருக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியும். ஜெமீலா வாயில் கையை வைத்தாள். சீனிமுகம்மது தரையைப் பார்த்தார். கொழும்பு மனிதருக்கு மட்டும் முகம் மலர்ந்தது. "என்ன துணிச்சல்! ஆசைகளைக் கடந்த மனது. ராத்தாவுக்கு ஒரு கைதட்டு" என்றார்.

ஜவுபர் கைதட்டவில்லை. தெருவில் கிடந்த எதையோ யாரும் பார்க்குமுன் காலால் அமர்த்திக்கொண்டவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

பின்னேரம் கம்பனி வாசலில் அவன் சைக்கிளை எடுக்கும்போது றாஹிலா மறித்தாள்.

"மச்சான், பின்வளவுல என்னத்தக் கீறின நீங்க?"

"அது சும்மா ராத்தா. ஆசையத்தானே கீறச் சென்னார்."

"வாப்பா செல்லினது?"

"அது இரிக்கி. ஆர் இல்லெண்ட? அவங்க வரட்டும், நான் கதைக்கன். நீங்க யோசிக்காம வாங்க."

சிரித்துக்கொண்டு மிதித்துப் போய்விட்டான். றாஹிலா நடந்து வந்தாள். வரும் வழியில் தான் வரைந்த தாளைச் சுக்கல் சுக்கலாகக் கிழித்து வாய்க்காலில் விட்டாள்.

வீட்டில் சுபைறா தங்கைக்குரிய எல்லாம் செய்தாள். தன் பெட்டியிலிருந்து நல்ல சாரி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். ராத்தாவின் தலையை வாரிவிட்டாள். நெற்றியில் பவுடரைத் தானே தடவினாள். "இண்டைக்கு வடிவா இரிக்கீங்க" என்று சொல்லிக் கன்னத்தைக் கிள்ளினாள். றாஹிலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மச்சான் எப்படியோ போகட்டும், கூடப்பிறந்தவள் இருக்கிறாள் என்று அந்தப் பேதை நினைத்தாள்.

அஸர் தொழுது முடியவே றம்லா வந்துவிட்டாள். பாரமான பெண். கதிரையில் உட்காருமுன் சுவரில் விரலால் தட்டிப் பார்த்தாள்.

பேச்சு நடக்கும்போது பெண் முன்னால் வருவது வழக்கமில்லை. றாஹிலா தேத்தண்ணித் தட்டத்தோடு குசினித் திரைக்குப் பின்னால் நின்றாள். துணியின் ஓரத்தால் தங்கையின் தோளும் றம்லாவின் முழங்கையும் தெரிந்தன.

"நான் நேராத்தான் கதைப்பன்" என்றாள் றம்லா. "தம்பிட பொஞ்சாதி மவுத்தாகினதும் அந்த ஊடு அவட தங்கச்சிக்குப் போயித்து. அவன் பெட்டியத் தூக்கிட்டு என்ட ஊட்டுக்கு வந்தான். ரெண்டு வருசம். என்ட மகளுக்கும் வயசு வருது. அவன் ஏறுறத்துக்கு ஒரு ஊடு வேணும். புள்ளையப் பத்தி நல்லாத்தான் கேள்வி. ஊடு எங்க?"

ஜவுபர் தொண்டையைச் செருமினான். "மச்சி, பொய்யச் செல்லி ஒரு நிக்காஹ் நடத்தப்படா. அல்லாஹ்வுக்குப் பயந்து ஒண்டு செல்றன், கோவிக்கப்படா. இண்டைக்குக் கம்பனியில கொழும்பு சேர் ஒராள் வந்து எல்லாரையும் ஊடு கீறச் சென்ன. ராத்தா கீறல்ல. உங்களுக்கு ஊடு வேணாமாண்டு அவர் கேட்டார். ராத்தா எழும்பி நிண்டு, இருவது பேருக்கு முன்னால, எனக்கு ஊடு வேணாமெண்டு செல்லித்தாங்க. ஒருக்கா இல்ல, ரெண்டு தரம்."

றம்லாவின் முழங்கை கதிரைக் கையை விட்டு எழும்பியது.

"அப்ப கலியாணம் வேணாமெண்டு புள்ளயே செல்லியிரிக்கி. மறுகா என்னத்துக்கு என்ன இஞ்ச கூப்பிட்ட?"

"எங்களுக்கு ஆசைதானே மச்சி. மனசு மாறுமெண்டு பாத்தம்."

றம்லா திரும்பினாள். "சுபைறா, நீங்க கூடப்பொறந்தவ. நீங்க செல்லுங்க. மெய்யா?"

நான் அந்த இடத்தில் இருக்கவில்லை, ராத்தாவிடமே கேளுங்கள். சுபைறா சொல்லவேண்டியது இவ்வளவுதான். றாஹிலா அந்தத் தோளையே பார்த்தாள். தோள் அசையவில்லை.

"ராத்தா ஒண்டச் செல்லித்தாண்டா மாத்தமாட்டா மச்சி" என்றாள் சுபைறா, இரக்கம் தோய்ந்த குரலில். "சின்ன வயசிலருந்தே அப்புடித்தான்."

றாஹிலாவுக்குள் ஏதோ அறுந்தது. ஜவுபரின் சொல் குத்தியது. இந்தச் சொல் கொன்றது. வளவு தனக்கென்று சொன்னாலும், அதைக் கேட்ட சாட்சி இவர்கள் இரண்டு பேரும்தான். வெளியே போனால் வெட்கங்கெட்டவள், உள்ளே நின்றால் இல்லாமல் போனவள். திரையை விலக்கிக்கொண்டு வந்தாள்.

ஜவுபர் எழுந்துவிட்டான். "ராத்தா, உள்ளுக்குப் போங்க!"

அவள் தட்டத்தை றம்லாவுக்கு முன்னால் வைத்தாள். சாரித் தலைப்பை முன்னிழுத்துக்கொண்டாள்.

"ஊடு வேணாமெண்டு சென்னன்தான். மாப்பிள வேணாமெண்டு செல்லல்ல."

அந்தக் கரையில் எந்தப் பெண்ணும் சொல்லாத சொல் அது. றம்லாவின் கை கோப்பைக்குப் போகும் வழியில் நின்றுவிட்டது. றாஹிலாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள், சந்தையில் மீன் பார்ப்பது போல.

"வாய் இரிக்கி" என்றாள். "ஊடில்லாத பொண்ணக் கட்டி எங்க வெக்கிற? என்ட ஊட்டுலயா? கூலி ஊட்டுலயா?"

"அத உங்கட தம்பிட்டக் கேளுங்க."

"வயசு போன கொமரெண்டா வெக்கமும் போயிரும் போல" என்று சொல்லிக்கொண்டே றம்லா எழுந்தாள். தேத்தண்ணியைத் தொடவில்லை. வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பினாள். "கேப்பன். நீ சென்னத்துல ஒரு சொல்லக் கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன். நாளைக்கு ஜும்ஆத் தொழுக முடிய அவனே வந்து பதில் செல்லுவான். வராட்டி அதுவும் பதில்தான்."

கேற் சாத்தப்பட்டது.

"மானத்த வாங்கிட்டீங்க ராத்தா!" ஜவுபர் கத்தினான். "நாளைக்கு ஊரெல்லாம் சிரிக்கும். மாப்பிள வேணுமெண்டு கேட்டு வெளிய வந்தவட மச்சான் நான்தான் எண்டு..."

றாஹிலா அவனைப் பார்க்கவில்லை. நெஞ்சில் ஒரு சின்ன வெளிச்சம் இருந்தது. சொல்லிவிட்டாள். வாழ்நாளில் முதல் தடவையாகத் தனக்கென்று ஒன்றைக் கேட்டுவிட்டாள்.

சுபைறா கத்தவில்லை. குனிந்து கோப்பைகளை ஒவ்வொன்றாகத் தட்டத்தில் எடுத்து வைத்தாள்.

"நீங்க சத்தம் போடாதீங்க" என்றாள் கணவனிடம். பிறகு ராத்தாவின் பக்கம் திரும்பினாள். முகத்தில் கோபமே இல்லை. "வாப்பா செல்லினத்த நாங்க ஒருநாளும் இல்லெண்டு செல்லல்ல ராத்தா. பின்வளவு உங்களுக்குத்தான். ஆனா கம்பனியில இருவது பேருக்கு முன்னால ஊடு வேணாமெண்டு செல்லித்தீங்க. இப்ப றம்லா மச்சிக்கு முன்னாலயும் உங்கட வாயாலயே செல்லித்தீங்க. ஊடு வேணாமெண்டா வளவு என்னத்துக்கு?"

இது ஜவுபருக்கே தோன்றியிருக்கவில்லை. மனைவியைப் புதிதாகப் பார்ப்பவன் போலப் பார்த்தான்.

"சுபைறா..." என்றாள் றாஹிலா. அவள் தலையை வாரிவிட்ட விரல்கள்தான் அந்தக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தன.

"தேத்தண்ணி ஆறுது, இதக் குடிங்க" என்று சுபைறா ஒரு கோப்பையை அவள் கையில் திணித்தாள். "இண்டைக்கு முன்னறையில படுங்க ராத்தா. நாளைக்கு விடியச் சுபஹோட மேசன் வாறார். பின்னால ஸ்டோருக்கு அத்திவாரம் வெட்டுற சத்தத்துல உங்களுக்கு நித்திர வராது. மேசனுக்கு நான் போன கிழமையே செல்லித்தன்."